உள்ளுக்க விட்டு அடிப்பினம்

2023 அக்டோபர் 3, செவ்வாய்

இவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று எழுதி வைக்கத்தான் மருமகள் இந்தக் கொப்பியை வாங்கித் தந்தாள். இரண்டு நாள் எழுதினேன். அளந்து கொடுப்பவளும் நான், எழுதுபவளும் நான், பிறகு யாருக்குக் காட்டுவது? இனி என்பாட்டுக்கு எழுதப் போகிறேன்.

இன்று டொக்டரிடம் இவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இந்த வருடத்தோடு மெசினை நிறுத்தப் போகிறாராம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர். கிழமைக்கு மூன்று நாள் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த மெசின் இல்லாவிட்டால் இரண்டு கிழமை தாங்குவதே பெரிய காரியம். டொக்டர் பதறவில்லை. அது உங்கள் உரிமை, குடும்பத்தோடு பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். ஸ்கார்பரோவுக்கு வந்த இத்தனை வருடத்தில் இவர் கேட்டு வாங்கிய ஒரே உரிமை இதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு, வான் வண்டியில் வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"களைச்சுப் போனன் மலர்" என்றார்.

களைப்பு மட்டும்தான் காரணம் என்றால் நான் யோகமலர் இல்லை. ஆனாலும் கிண்டவில்லை. மூத்தவன் நிமலனுக்கும் சொல்லவில்லை. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

மெசின் அறையில் இவர் படுக்கும் கதிரைக்குப் பக்கத்தில் புது ஆள் வந்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், நரைத்த மீசை, ஒரு காலை இழுத்து நடக்கிறார். சப்பாத்தைக் கழற்றி இரண்டு குதியும் ஒட்டினாற்போல வைத்துவிட்டுத்தான் கதிரையில் ஏறினார். டெலிபோனில் சிங்களத்தில் பேசினார். நான் இவரைப் பார்த்தேன், இவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு அந்த மனிதர் உடைந்த தமிழில் இவரிடம் எந்த ஊர் என்று கேட்டார். இவர் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். கல்யாணத்துக்கு முன் பொலன்னறுவையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர், அந்தப் பாஷையை இன்னும் மறக்கவில்லை. கிளிநொச்சி என்ற சொல் எனக்கும் விளங்கியது. அவர் உடனே, எந்த வருடம் அங்கே இருந்தீர்கள் என்று கேட்டாராம். எல்லா வருடமும் என்றாராம் இவர்.

பெயர் அபேகோன். ஆமியில் மேஜராக இருந்தவராம். கதிரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஏன், அவரும் என்னைப்போல ஊசியில் கொழுவிக் கிடக்கிற ஆள்தானே என்றார்.

அக்டோபர் 10, செவ்வாய்

இவருடைய பழைய வரைபடச் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது, இந்தமுறை மெசின் அறையில்.

இரண்டு கதிரைக்கும் நடுவில் சில்லு வைத்த மேசை ஒன்று நிற்கும். இவருக்கு இடது கையில் ஊசி, மேஜருக்கு வலது கையில். ஆகவே மேசைப் பக்கம் ஆளுக்கொரு கை சும்மா இருக்கிறது. பண்டேஜ் சுற்றிய நீட்டுத் துணியை நடுவில் விரித்து, யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை என்றார் இவர். தெற்கே தேத்தண்ணிக் கப் வவுனியா, வடக்கே தோடம்பழம் கிளிநொச்சி, நடுவில் பிஸ்கட் பெட்டி மாங்குளம். மேஜர் சிரித்துவிட்டு, தன் கண்ணாடிக் கூட்டை எடுத்து புளியங்குளத்தில் வைத்தார். "ஜெயசிக்குறு" என்றார்.

தொண்ணூற்றியேழில் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பிடிக்கவென்று வவுனியாவிலிருந்து ஆமி கிளம்பிய அந்தச் சண்டை ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுபட்டது. மேஜர் அதில்தான் மாங்குளத்தில் காலில் காயப்பட்டவராம். நாங்கள் அப்போது கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயனில் ஒரு கொட்டிலில் இருந்தோம். சீனி இல்லை, சோப் இல்லை, மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு நெய் வாங்கலாம். ஆனால் சந்தித் தேத்தண்ணிக் கடையில் பின்னேரமானால் கூட்டம் நிரம்பி வழியும். கடைக்காரரின் பலகையில் சோக்கட்டியால் வரைந்துகொண்டு நடுவில் நிற்பவர் என் புருஷன்.

"வரட்டும், வரட்டும். ரோட்டு நீள நீள, காவலுக்கு ஆள் வேணும். ஆள் மெலியும். உள்ளுக்க விட்டு அடிப்பினம், பாருங்கோ" என்பார்.

ஆமியை உள்ளே வரவிட்டு இயக்கம் திருப்பி அடிக்கும் என்ற இந்த வசனம்தான் வன்னியில் அந்த நாட்களில் வேதவாக்கு. தொண்ணூற்றியொன்பது நவம்பரில் அப்படியே நடந்தது. ஆமி இரண்டு வருடமாகப் பிடித்த இடமெல்லாம் ஒரு கிழமைக்குள் கைமாறியது. இவர் சொன்னபடியே, சொன்ன இடத்திலேயே. கடைக்காரர் இவரிடம் தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்தார். அன்று இவர் மகள் துளசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்தார். அவளுக்கு நாலு வயது. அப்பாதான் சண்டையில் வென்றவர் என்று பார்த்தவருக்கெல்லாம் சொன்னாள். அன்றைக்கு நான் இவருக்கு ஜெனரல் என்று பட்டம் வைத்தேன். ஜெனரல், சாப்பிட வாருங்கோ. ஜெனரல், விறகு முடிஞ்சுது. அப்படிச் சிரித்த காலமும் எங்களுக்கு இருந்தது.

இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை. வயது போகப் போகப் பட்டங்களும் உதிர்ந்துவிடும்.

அக்டோபர் 16, திங்கள்

நாளைக்குப் போட ஷேர்ட் ஒன்றை அயர்ன் பண்ணித் தரச் சொன்னார். மெசினில் படுக்கப் போகிறவருக்கு மடிப்புக் குலையாத ஷேர்ட்! செய்து கொடுத்தேன். நிறுத்துகிற கதையை இரண்டு கிழமையாக எடுக்கவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

இன்று ஆனையிறவு. துவாயைச் சுருட்டிக் கடல்நீரேரி, உப்புப் பைக்கற் முகாம். முகாமைத் தொடவே வேண்டாம், பின்னால் குடாரப்பில் இறங்கிப் பாதையைக் கத்தரித்தால் போதும், தண்ணீருக்குத் தவித்து முகாம் தானாகக் காலியாகும் என்று இவர் விளக்கினார். அந்த முகாம் விழவே விழாது என்று தங்கள் ஆட்கள் அறிக்கையே எழுதி வைத்திருந்ததாக மேஜர் சொன்னார். தாகம் தாங்காமல் நடந்து வந்த பெடியன்களைப் பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது கையிலிருந்த ஐஸ் துண்டைச் சூப்பாமல் வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் இப்போது தண்ணீர் அளந்துதான்.

நேர்ஸ் மரீசெல் வந்து, நீங்கள் சத்தம் போட்டால் பிரஷர் ஏறுகிறது, என்ன விளையாட்டு இது என்று ஏசினாள். செஸ் என்றார் மேஜர்.

அந்த ஆனையிறவுச் சண்டைக்குப் பிறகு வந்த சமாதான காலம் எனக்கு நினைவில் ஓடியது. பாதை திறந்து முதல்முறை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். துளசி அதற்கு முன் ஐஸ்கிறீம் கண்டதில்லை. சுடுகிறது அம்மா என்று வாயைப் பொத்தினாள். அப்பா தன்னுடையதையும் அவளுக்கே கொடுத்துவிட்டு வெறுங் கோப்பையை வழித்துக்கொண்டிருந்தார். அந்தப் பகலுக்காக என் மிச்ச ஆயுளைக் கொடுக்கலாம்.

நவம்பர் 4, சனி

பாயாசம் வைத்தேன். இவருக்குக் கூடாது, ஆனாலும் ஒரு கரண்டி. ஒரு சின்னப் போத்தலில் மேஜருக்கும் கொண்டுபோனேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மா என்றேன். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றியைந்தில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள் எழுந்து நடந்ததே, பேற்றுக்கு என் தாய்வீடு போயிருந்த நானும் நடந்த அந்த நடையில், கொடிகாமத்துப் பள்ளிக்கூட விறாந்தையில் பிறந்தவள் துளசி. இருந்தால் இன்றைக்கு இருபத்தெட்டு வயது.

நவம்பர் 14, செவ்வாய்

இவர் இன்று இரண்டாயிரத்தெட்டை விரித்தார். நான் எதிர்பார்த்ததுதான். எல்லாச் சண்டையும் கடைசியில் அங்கேதான் வந்து முட்டும்.

அதே துணிப் பாதை, அதே தோடம்பழம். நீங்கள் எங்கேயிருந்து வந்தீர்கள் என்று காட்டுங்கள் என்றார். மேஜர் ஒரு பிஸ்கட்டை எடுத்து ஒற்றைக் கையால் நொறுக்கி, மேற்குப் பக்கமெல்லாம் தூவினார். மன்னாரிலிருந்து பூநகரி வரை ஒரே துகள். இந்த முறை நாங்கள் பாதையால் வரவில்லை, எட்டு எட்டுப் பேராகக் காட்டுக்குள்ளால் வந்தோம், பழைய சண்டையில் பட்டதைப் படித்துவிட்டுத்தான் வந்தோம் என்றார்.

இவர் அந்தத் துகள்களைப் பார்த்தபடி, "நீட்டு வரிசையா வந்தாத்தானே நடுவில வெட்டலாம்" என்று தமிழில் சொன்னார். மேஜருக்குச் சொல்லவில்லை.

பிறகு இவர், அந்த வருடம் மேஜர் எங்கே இருந்தார் என்று கேட்டார். கால் சரியில்லாததால், வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வருபவர்களை மறிக்கும் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் போட்டிருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை.

நவம்பர் 15, புதன்

மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தெட்டு செப்டெம்பரில் எனக்குக் கண் ஒப்பரேசனுக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக இயக்கத்தின் பாஸ் கிடைத்தது. பாஸ் இல்லாமல் ஒருவரும் வன்னியை விட்டு வெளியேற முடியாத நேரம். துணைக்கு ஒரு ஆள் போகலாம். துளசிக்குப் பதின்மூன்று நிறையவில்லை, அவளைக் கூட்டிப் போகலாம் என்றார்கள். போனால் திரும்பி வர மாட்டோம் என்று எனக்கும் தெரியும், பாஸ் எழுதியவருக்கும் தெரிந்திருக்கும்.

இவர் ஒரு பகல் முழுக்க யோசித்தார். வரைபடம் கீறினார். "தீபாவளி கழியட்டும். கிளிநொச்சி வரைக்கும் உள்ளுக்க விட்டு அடிப்பினம். பேந்து ஏன் அவளைக் கொண்டுபோய் அகதிக் காம்புக்குள்ள வைப்பான்?" என்றார். ஊரில் படித்தவன் படியாதவன் எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள். தொண்ணூற்றியொன்பதில் கண்ணால் கண்டவர்கள் வேறு எதை நம்புவார்கள்?

தீபாவளி கழிந்தது. பாஸும் காலாவதியானது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, தேவிபுரம். மாசி மாதம் தேவிபுரத்தில் செல் குண்டு விழுந்தது. அவள் தண்ணீர் அள்ளப் போயிருந்தாள்.

நான் இவரை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. என்ன பிரயோசனம்? எனக்கு இவர்மேல் கோபமில்லை. குறட்டை காரணமாகத்தான் வேறு அறையில் படுக்கிறேன்.

நவம்பர் 18, சனி

காலையில் வெளிக்கிட மறுத்தார். பிறகு தானே எழும்பி, மேஜரிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும், கேட்டபிறகு மெசினை விட்டுவிடலாம் என்றார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியது. அந்த மாதம் ஒரு தாயும் பிள்ளையும் வந்திருந்தால் ஓமந்தையில் விட்டிருப்பார்களா என்பதுதான். இத்தனை வருடமாக இவர் தேடிய ஆள் இப்போது பக்கத்துக் கதிரையில் படுத்திருக்கிறார்.

நல்ல காலம், இன்று மேஜருக்குக் காய்ச்சல். வரவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

இவருக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது நான் வாசலில் போய் நின்று மேஜரை மறித்தேன். பதினைந்து வருடத்துக்கு முன் இந்த மனிதரின் சாவடியில் என் பையைக் கொட்டிக் காட்டியிருப்பேன். இன்றைக்கு அவரிடமே உதவி கேட்க வேண்டியிருந்தது. துளசியின் கதையை நாலு வசனத்தில் சொன்னேன். இவர் கேட்டால், அந்த மாதம் பாதை மூடியிருந்தது, யாரையும் விடவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

"அம்மா, நான் அங்கதான் வேலை செஞ்சது. அந்த மாசம் ரோட் தொறந்து இருந்தது. நோயாளி எல்லாம் வந்தது" என்றார்.

"அது எனக்குத் தெரியும். நீங்கள் இல்லையெண்டு சொல்லவேணும். இல்லாட்டி இவர் மெசினை விட்டிடுவார்."

மேஜர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். "தேவிபுரத்துக்கு அடிச்சது எங்கட ஆக்கள்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. நான் கேட்காமலே சொன்னார். அந்தச் செல்லை மேஜர் எறியவில்லை. எறிந்தவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். எனக்கு அவரை அடிக்கவும் வந்தது, அவர் காலில் விழவும் வந்தது. இரண்டும் செய்யாமல் அவருடைய போர்வையை வாங்கி நடந்தேன்.

இன்று இவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். மேசை வெறுமையாக இருந்தது.

நவம்பர் 25, சனி

கேட்டார்.

சிங்களத்தில்தான் கேட்டார், ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மேஜர் உடனே, எனக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே பதில் சொன்னார். செப்டெம்பர் நடுவிலிருந்து பாதை பூட்டு, ஒரு குருவியையும் விடவில்லை, வந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்போம் என்றார். குரல் தடுமாறவில்லை. இவர் தலையை ஆட்டி, "ஸ்துதி" என்று நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார்.

"அந்த மனுசன் பொய் சொல்லுது" என்றார். "எங்கட பக்கத்து வீட்டு நாகரத்தினத்தார் நெஞ்சு வருத்தமெண்டு போனது அந்த மாசக் கடைசியில. ஓமந்தையால வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தவர் எண்டு கடிதம் வந்தது. நீர்தானே எனக்கு வாசிச்சுக் காட்டினனீர்."

நான் மறந்தே போனேன். இவ்வளவு யோசித்து வலை பின்னியவள், அந்தக் கடிதத்தை மறந்துவிட்டேன்.

"நீர்தான் சொல்லச் சொன்னனீர், என்ன?"

ஓம் என்றேன்.

"ஏன் மலர்?"

நீங்கள் செத்துப்போவீர்கள் என்று பயத்தில் என்றேன். இவர் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார், விரிக்கப் பாதையும் இல்லை, வைக்கத் தோடம்பழமும் இல்லை.

"நான் மெசினுக்குக் களைக்கேல்ல. நீர் ஒருநாளும் ஒரு சொல் கேக்கேல்ல. ஏசியிருந்தீரெண்டா நான் மூச்சு விட்டிருப்பன். பக்கத்து அறையில நீர் படுத்திருக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எத்தனை வருசம் கிடக்கிறது?"

அப்போது எனக்குள் ஏதோ கட்டறுந்தது. சத்தம் போடவில்லை. சோறு போடும் அகப்பை கையில் இருந்தது, அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அவளை நீங்கள் அனுப்பியிருக்கவேணும். பாஸ் கையில இருந்தது. என்ர பிள்ளையை நீங்கள் விட்டிருக்கவேணும்."

"ஓம்" என்றார். "ஓம் மலர். விட்டிருக்கவேணும்."

உள்ளுக்க விட்டு என்று தொடங்கவில்லை, எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள் என்று சொல்லவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். தேவிபுரத்தில்கூட நாங்கள் இப்படி ஒன்றாக இருந்து அழுததில்லை. அங்கே அதற்கு நேரமிருக்கவில்லை, அடுத்த இடத்துக்கு ஓடவேண்டியிருந்தது.

பிறகு பசித்தது. நேற்றைய சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

நவம்பர் 26, ஞாயிறு

அலுமாரியிலிருந்து துளசியின் படத்தை எடுத்து வெளியே வைத்தோம். இரண்டாம் வகுப்புப் பரிசளிப்பில் எடுத்தது. இவர் அவளுடைய குரலில் ஐஸ்கிறீம் கதையைச் சொல்லிக் காட்டினார். அவளுக்கு அது சுட்டதை நான் மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். தன்னுடைய ஐஸ்கிறீமையும் கொடுத்துவிட்டு, எப்படி இருந்தது என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

நிமலன் வந்து படத்தைப் பார்த்தான். தங்கைக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றான்.

என்னுடைய தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குறட்டை பழையபடிதான்.

நவம்பர் 28, செவ்வாய்

காலையில் சரியான பனி. ஏழு மணிக்கு முன்னமே வான்காரன் வாசலில் வந்து ஹோன் அடித்தான். இவர் கட்டிலில் இருந்தபடி காலுறையை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். போகிறாரா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மேஜருக்கு ஒரு பாடம் எடுக்கவேண்டும், பொய் சொல்ல முதல் வரைபடத்தைப் பார்க்கவேணும் என்று மட்டும் முணுமுணுத்தார்.

நான் வாசல் கதவைத் திறந்து வானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"ஜெனரல், வெளிக்கிடுங்கோ. வான் வந்திட்டுது."

இழுத்த காலுறையை அப்படியே விட்டுவிட்டு இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாறன்" என்றார்.